நோயில் கெட்டி, காய்க்கணக்கில் தடுமாற்றம்

போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தை மாதத்தில் இரண்டே கவலைதான். பூவை நோயிலிருந்து காப்பாற்ற வேண்டும். குத்தகைக்காரர் வந்து நிற்கும்போது விலை சொல்ல வேண்டும். இரண்டுக்கும் வழி சொல்வதாக விற்கப்படும் கருவி ஒன்றைப் பூவெடுத்ததிலிருந்து காய் எலுமிச்சை அளவுக்குத் திரளும்வரை பெங்களூரா ரக மாமரங்கள் நிற்கும் ஒரு தோப்பில் வைத்துப் பார்த்தேன்.

ஆளுயரக் கம்பம். உச்சியில் சோலார் தகடு, மழைமானி, வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் அளக்கும் சென்சார். உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாகத் தகவல் போனில் உள்ள செயலிக்கு வந்துவிடுகிறது. இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது, கம்பத்தின் நடுவில் சாய்வாக நீட்டியிருக்கும் இலை வடிவத் தகடு. பனியோ மழையோ அதன்மேல் படிந்தால் மின்னளவு மாறும். இலை எத்தனை மணி நேரம் நனைந்தே கிடந்தது என்பது அதிலிருந்து தெரியும்.

அந்த மணிக்கணக்கு இல்லாமல் சில நோய்களைக் கணிக்க முடியாது. பூங்கொத்தைக் கருக்கி, பின்னால் பழத்தில் கரும்புள்ளியாக எழும் ஆந்த்ராக்னோஸ் பூசணம் முளைக்க, ஈரம் விடாமல் நிற்க வேண்டும். சாம்பல் நோய்க்கு அது தேவையில்லை. இரவு குளிர்ந்து, மழையும் இல்லாமல் இருந்தாலே பரவும். ஈரத்தை மட்டும் பார்க்கும் கருவி சாம்பல் நோயைக் கோட்டைவிட்டுவிடும் என்பதால் அதைத்தான் முதலில் கவனித்தேன். செயலி இரண்டையும் தனித்தனியாகவே கணிக்கிறது. மழையில்லாத ஒரு குளிர் வாரத்தில் சாம்பல் நோய்க்கு மட்டும் சிவப்பு காட்டியது. கொத்துகளை விலக்கிப் பார்த்தால், காம்புகளில் மாவு தூவியது போல வெண்மை அப்போதுதான் தொடங்கியிருந்தது. நனையும் கந்தகம் அடிக்க அதுதான் நேரம். நாள் கணக்கு வைத்து மருந்தடிக்கும் தோப்புகளுக்கு இது பெரிய உதவி.

குறைகளும் உண்டு. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிக்கும் பிசுபிசுப்பான தேன்கழிவு அந்த இலை வடிவத் தகட்டிலும் படிகிறது. அதில் தூசும் சேர்ந்துகொண்டால் வெயில் ஏறிய பிறகும் இலை நனைந்திருப்பதாகவே காட்டும். ஈரத்துணியால் துடைத்தால் சரியாகிவிடுகிறது, ஆனால் கையேட்டில் இதைப்பற்றிப் பேச்சே இல்லை. எச்சரிக்கையோடு மருந்தின் வணிகப் பெயரையும் சேர்த்து அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. பூ முழுக்க விரிந்திருக்கும்போது பூச்சிக்கொல்லி அடித்தால் மகரந்தம் சுமக்கும் ஈயும் தேனீயும் சாகும், காய்ப்பிடிப்பே குறையும். பொறுங்கள் என்று ஒரு வரி அதில் இருந்திருக்க வேண்டும்.

அடுத்து மகசூல் கணிப்பு. வரிசையில் நடந்தபடி மரங்களைப் படமெடுத்தால் செயலி காய்களை எண்ணித் தருகிறது. கண்ணுக்குத் தெரிகிற காயை நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அடர்ந்த பழைய மரத்தில் இலைக்குள் மறைந்த காய்தான் ஏராளம். ஆஸ்திரேலியாவில் மத்திய குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே வேலையை இரவில், வண்டியில் விளக்கும் கேமராவும் பொருத்திச் செய்து பார்த்திருக்கிறார்கள். வெயிலும் நிழலும் மாறி மாறி விழுந்து படத்தைக் குழப்பாது. சில மரங்களைக் கையால் எண்ணி, மறைந்த காய்க்கான விகிதத்தையும் கண்டுபிடித்துக் கணக்கைத் திருத்துகிறார்கள். நம் செயலி அந்த விகிதத்தைக் கேட்பதே இல்லை. தோப்புக்காரரும் நானும் சில மரங்களை எண்ணிக் காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகுதான், செயலி சொன்ன எண் அவருடைய கண்மதிப்புக்குப் பக்கத்தில் வந்தது. பிஞ்சு உதிர்ந்து ஓயும் முன் எடுத்த எண்ணிக்கையை நம்பி யாரிடமும் விலை பேச வேண்டாம்.

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தனியாகச் சந்தா கட்டுப்படியாகாது. பக்கத்துத் தோப்புக்காரர்களோடு சேர்ந்து வாங்கலாம். நோய் எச்சரிக்கைக்காக மட்டுமே என்றாலும் வாங்கலாம். பணம் கட்டுமுன் காய்க்கணக்கு யார் யாருக்குப் போகிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தோப்பில் எவ்வளவு காய் நிற்கிறது என்பது மாங்கூழ் ஆலைக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், விளைவித்தவர் பேரம் பேச எதை வைத்துக்கொள்வார்? 2025-இல் பெங்களூரா விலை சரிந்து விழுந்ததைப் பார்த்த வட்டாரம் இது. காய்க்கணக்கு யாருக்குப் போகிறது என்பதற்கு எனக்குக் காட்டப்பட்ட ஒப்பந்தத்தில் பதில் இல்லை.