தேர்வும் பேச்சும்: புனே மாணவரின் ஜப்பானிய மொழிப் பயிற்சி

புனே நகரில் விஷ்ராந்த்வாடியை அடுத்துள்ள தக்காணக் கல்லூரி வளாகத்தில், இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் மேற்கு வட்டார மொழி மையம், பிறமாநில ஆசிரியர்க்கு மராத்தி முதலிய மொழிகளைக் கற்பிக்கிறது. பயிலும் மொழி வழங்கும் இடத்திற்குச் சென்று பழகுதலும் அப்பயிற்சியின் கூறாகும். அதே நகரில் ஜப்பானியம் பயிலும் பல்கலைக்கழக மாணவர்க்கு இத்தகைய வாய்ப்பு அரிது.

இம்மாணவருள் பலர் நாடுவது ஜப்பானிய மொழித்திறன் தேர்வாகும். 1984இல் தொடங்கி, 2010 முதல் ஐந்து நிலைகளாக நடைபெறும் இத்தேர்வு சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவற்றையே அளக்கிறது. பேசுதலும் எழுதுதலும் இதில் இடம்பெறவில்லை. தேர்வை மட்டுமே நோக்கும் வகுப்பில் பேச்சுப் பயிற்சி பின்தள்ளப்படுகிறது.

இக்குறை மரியாதை வழக்கில் தெளிவாகப் புலப்படும். தமிழரும் மராத்தியரும் தம் மேலாளரை யாரிடம் குறிப்பிடினும் உயர்வுப் பன்மையிலேயே சுட்டுவர். ஜப்பானியரோ வெளியாரிடம் பேசுகையில் தம் மேலாளரைச் 'சான்' என்னும் மரியாதை ஒட்டின்றிச் சுட்டுவர். அகத்தார், புறத்தார் என்னும் பண்பாட்டுப் பாகுபாடே இங்கு இலக்கணத்தை ஆள்கிறது. விதியை அறிந்த மாணவரிடத்தும் விரைந்த உரையாடலில் தாய்மொழி வழக்கு முந்துதல் இயல்பு. உரைபெயர்ப்பாளராகப் பணியேற்பவர்க்கு இது வெறும் சொற்பிழையன்று. தம் நிறுவனத்தையே பண்பறியாததாகக் காட்டும் பிழையாகும்.

தேநீர்ச் சடங்கையும் உடையையும் அறிமுகப்படுத்துவதே பண்பாட்டுக் கல்வி எனக் கொள்ளுதல் போதாது. நகரில் வாழும் ஜப்பானியர்க்கு மாணவர் மராத்தி கற்பித்து, அவர்களிடம் ஜப்பானியம் பேசிப் பழகும் ஏற்பாடு வேண்டும். அவ்வுரையாடலுக்குப் பல்கலைக்கழக அகமதிப்பீட்டில் மதிப்பெண் ஒதுக்கப்பட்டாலன்றி அப்பழக்கம் நிலைபெறாது.