தமிழ்ப் பனுவலாய்வு நோக்கில் விண்டோஸ், மேக், லினக்ஸ் இயங்குதளங்கள்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

கணினி இயங்குதளங்களை ஒப்பிடும் மதிப்பீடுகள் பெரும்பாலும் விலை, வேகம், பாதுகாப்பு, தோற்றம் ஆகியவற்றையே அளவுகோல்களாகக் கொள்கின்றன. இவை எல்லாப் பயனர்க்கும் பொதுவானவை. தமிழ் ஆய்வாளர்க்கு இவற்றினும் முதன்மையான அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு கணினியில் உள்ளிட்ட பனுவல், அக்கணினியை விட்டு நீங்கிய பின்னும் அதே பனுவலாக நிலைக்கிறதா என்பதே அது. சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைக் கண்டு குறித்து வைப்பர். கணினி உண்டாக்கும் வேறுபாடோ பல வேளைகளில் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. இவ்வளவுகோலைக் கொண்டு விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்று தளங்களின் நிறைகுறைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

விண்டோஸ்: பரவலும் பழமையும்

விண்டோஸின் முதல் நிறை அதன் பரவல். தமிழ் அச்சகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் தட்டச்சு நிலையங்களும் மிகுதியாகப் பயன்படுத்துவது இதனையே. பழைய மென்பொருள்களை நெடுங்காலம் இயங்கவிடுவது இரண்டாவது நிறை. எனினும் அதன் முதன்மையான குறையும் இவ்விடத்திலேயே தோன்றுகிறது. பாமினி போன்ற எழுத்துருக்கள் உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்துக் கொண்டவை. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோமன் எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே கோப்பில் பதிவாகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழாகத் தோன்றாது.

விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழுக்கு இடமளித்தது. ஆயினும் விண்டோஸ் எக்ஸ்பி வரை அவ்வசதியைப் பயனரே தனியாக நிறுவ வேண்டியிருந்தது. விஸ்டாவில்தான் அது இயல்பாக அமைந்தது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்ட பின்னரும் பழைய எழுத்துருக்கள் வழக்கொழியவில்லை. பழைய பேஜ்மேக்கர் தொடர்ந்து இயங்கியதால் மாறவேண்டிய கட்டாயம் அச்சகங்களுக்கு ஏற்படவில்லை. பிற்பொருத்தம் என்னும் நிறை, தரப்படுத்தலைத் தாமதப்படுத்தும் குறையாகவும் ஆயிற்று எனலாம்.

மேக்: வடிவழகும் தனிவழியும்

எழுத்துருவின் செப்பம் மேக் தளத்தின் நிறை. முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் இத்தளத்திலேயே உள்ளமைந்து வந்தன. வேறு மென்பொருளை நாடாமல் தமிழில் எழுதும் வாய்ப்பை இது தந்தது.

ஆப்பிள் பின்பற்றிய தனிவழி இதன் குறை. எழுத்துகளைக் கோக்கும் விதிகள் அனைத்தையும் எழுத்துருவுக்குள்ளேயே வைப்பது ஆப்பிளின் முறை. அவ்விதிகளில் ஒரு பகுதியை இயங்குதளத்திடம் விடுவது ஓப்பன்டைப் முறை. ஆதலால் விண்டோஸுக்கென உருவாக்கப்பட்ட எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பு இடம் மாறித் தோன்றும் பிழை தொடக்கக் கால மேக் பதிப்புகளில் நிகழ்ந்தது.

கோப்புப்பெயர்ச் சிக்கல் இதனினும் நுட்பமானது. ‘கொ’ என்பதை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தல்; ககரத்துடன் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தல். பழைய மேக் கோப்பமைப்பான எச்.எஃப்.எஸ். பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. ‘கொற்றவை’ எனப் பெயரிட்ட கோப்பை அங்கிருந்து லினக்ஸ் கணினிக்கு மாற்றினால், பார்வைக்குப் பெயர் மாறாதிருப்பினும் தேடலில் அகப்படாமல் போகலாம். 2017இல் அறிமுகமான ஏ.பி.எஃப்.எஸ். கோப்பமைப்பு, கொடுத்த வடிவத்தை அப்படியே காக்கிறது.

லினக்ஸ்: வெளிப்படைத்தன்மையும் பயிற்சித் தேவையும்

லினக்ஸின் நிறை வெளிப்படைத்தன்மை. மூலநிரலை எவரும் படிக்கலாம். பல நூல்களை ஒருசேரத் தேடவும் எண்ணவும் வரிசைப்படுத்தவும் உரிய சிறு கருவிகள் தளத்துடனேயே கிடைக்கின்றன. ஓர் ஆய்வாளர் செய்த கணக்கீட்டை மற்றொருவர் அதே கட்டளைகளால் சரிபார்க்கலாம். ஆய்வு நெறியில் இது பெரிய பேறு.

அதே கருவிகள் அறியாதவரை வழிதவறவும் செய்யும். தமிழ் நெடுங்கணக்கில் ‘ய’கரம் முன்னும் ‘ன’கரம் இறுதியிலும் வரும், ஒருங்குறியிலோ ‘ன’கரம் ‘ந’கரத்தை அடுத்து நிற்கிறது. பொது அமைப்பில் குறியெண்படி வரிசைப்படுத்தினால் ‘வனம்’ முன்னும் ‘வயல்’ பின்னும் வரும். அகராதி மரபில் ‘அக்கா’ முந்தி, ‘அகம்’ பிந்தும். குறியெண் வரிசையில் இது தலைகீழாகும். வட்டார அமைப்பைத் தமிழுக்கு மாற்றாமல் உருவாக்கிய சொல்லடைவு பிழையான வரிசையுடனேயே அச்சேறும்.

மேலும் க்னோம், கேடிஇ சூழல்கள் முன்னர் வெவ்வேறு எழுத்துக்கோப்பு நூலகங்களைக் கையாண்டதால் ஒரே பக்கம் இருவகையாகத் தோன்றியதுண்டு. ஹார்ஃப்பஸ் என்னும் பொது நூலகம் இதனைப் பெரிதும் தீர்த்தது. அச்சகங்கள் வேண்டும் இன்டிசைன் இத்தளத்திற்கென வெளியிடப்படாதது இன்றுமுள்ள குறை.

மறுப்பும் விடையும்

இன்று எல்லாப் பணிகளும் உலாவியிலேயே நிகழ்வதால் தளவேறுபாடு பொருளற்றது என்று கூறுவர். திரையில் தோன்றும் வடிவத்தைப் பொறுத்தவரை இக்கூற்று பெரிதும் உண்மையே. சேமிப்பு, தேடல், எண்ணல் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. ‘கொடி’ என்னும் சொல் ஒரு தரவுத்தொகுப்பில் இருவகைக் குறியீட்டிலும் இருந்தால், இயல்பாக்கம் செய்யாத நிரல் அதனை இரு சொற்களாகவே எண்ணும். அவ்வெண்ணிக்கையை நம்பி எழுதும் நடையியல் முடிவும் பிழைபடும்.

முடிவுரை

அச்சுப் பணிக்கு விண்டோஸும் மேக்கும், பெருந்தொகைப் பனுவலாய்வுக்கு லினக்ஸும் ஏற்றவை. எனினும் பனுவலின் நிலைபேற்றை எந்தத் தளமும் தானாக உறுதிசெய்வதில்லை. பாமினியில் தட்டச்சிட்டுப் பி.டி.எஃப். ஆக்கிய ஆய்வேட்டைக் கண்ணால் படிக்கலாம். அதில் தமிழ்ச் சொல்லொன்றைத் தேட இயலாது. பல்லாண்டு உழைப்பில் விளைந்த ஆய்வேடு பின்வரும் ஆய்வாளர்க்குத் தேடலில் கிட்டாது போதல் பேரிழப்பாகும். ஆகவே ஆய்வேடுகளை ஏற்கும் நிறுவனங்கள் தளத்தை வரையறுப்பதினும் மூன்று நெறிகளை வலியுறுத்துவதே தக்கது: ஒருங்குறியில் எழுதுதல், ஒரே இயல்பாக்க வடிவத்தைப் பின்பற்றுதல், சொல்லடைவில் கையாண்ட வரிசைமுறையை முன்னுரையில் கூறுதல். இந்நெறிகள் பேணப்படின், ஆய்வாளர் எத்தளத்தைத் தேர்ந்தாலும் பனுவல் சிதையாது.