காட்டாமல் காட்டும் கலை

கார்ட்டூன் படம் என்றால் குழந்தைகளுக்கு என்று நம்மவர்கள் தீர்மானித்து வெகு காலமாகிறது. குழந்தைகளை அதன் எதிரே உட்கார வைத்துவிட்டு நாம் வேறு காரியம் பார்க்கலாம் என்ற சௌகரியம் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. பூனை எலியைத் துரத்துவதும் எலி பூனையை ஏமாற்றுவதும் எனக்கும் பிடிக்கும். அவற்றைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நாவலும் சிறுகதையும் படித்துப் பழகிய மனசுக்குத் தீனி போடக்கூடிய சித்திரப் படங்களும் உலகத்தில் உண்டு. அவற்றின் பெயர் நம்மிடையே அதிகம் அடிபடுவதில்லை. எனக்குப் பிடித்த அப்படிப்பட்ட நான்கு படங்களைப் பற்றிச் சொல்லலாமென்று இருக்கிறேன்.

இந்த நான்கையும் சேர்த்துப் பேச ஒரு காரணம் உண்டு. பெரிய ஸ்டூடியோக்காரர்கள் எடுக்கும் சித்திரப் படங்களில் முகம்தான் எல்லாம். சந்தோஷம் வந்தால் கண் தாம்பாளம் போல் விரியும். துக்கம் வந்தால் கோலிக்குண்டு அளவுக்குக் கண்ணீர் உருளும். பார்க்கிறவன் செய்ய வேண்டிய வேலையையும் படமே செய்துவிடுகிறது. நான் சொல்லப்போகும் படங்களோ எதையாவது ஒன்றை நம்மிடமிருந்து மறைத்து வைத்துக்கொள்கின்றன. மறைத்த இடத்தை நிரப்புவது நம் பொறுப்பாகிவிடுகிறது. நல்ல கதாசிரியன் செய்வதும் இதுதானே? ‘அவள் அழுதாள்’ என்று எழுதுகிறவனைவிட, ‘அவள் அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள்’ என்று எழுதி நிறுத்திக்கொள்கிறவனிடம் நமக்கு மதிப்பு அதிகம்.

முதலாவது படம் 1926-ல் ஜெர்மனியில் வெளியான ‘இளவரசன் அஹ்மதின் சாகசங்கள்’. எடுத்தவர் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி. வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வருவதற்குப் பதினோரு வருஷங்களுக்கு முன்பே வந்த படம். இன்று பார்க்கக் கிடைக்கும் முழுநீளச் சித்திரப் படங்களில் இதுவே மூத்தது. ரைனிகருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. போட்ஸ்டாம் நகரில் பாங்கர் ஒருவர் பணமும் கொடுத்து, தம் கார் ஷெட்டுக்கு மேலே இடமும் கொடுத்தார். அங்கே மூன்று வருஷம் வேலை நடந்தது. கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் வெட்டி, கை கால்களைக் கம்பியால் பிணைத்து, கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடியின்மேல் கிடத்தி, இம்மி இம்மியாக நகர்த்தினார் ரைனிகர். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம். காமிராவைக் கவனித்துக்கொண்டவர் அவர் கணவர் கார்ல் கோக்.

நம்முடைய தோற்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் பாவைகள் வர்ணம் தீட்டிய தோல். வெளிச்சம் அவற்றின் ஊடே வரும், ராமனுடைய கண்ணும் கிரீடமும் துலங்கும். ரைனிகரின் உருவங்களோ முழுக் கறுப்பு. முகவாயும் கழுத்தும் விரல் நுனியும்தான் பேச வேண்டும். அவை பேசுகின்றன. ஏரியில் நீராட வந்த இளவரசியின் இறகு உடையை அஹ்மத் எடுத்துக்கொள்ளும் இடத்தில், அவள் பயத்தை உடம்பின் வளைவிலேயே படித்துவிடலாம். ஆயிரத்தோரு இரவுகளிலிருந்து எடுத்துக் கோத்த கதைதான் சற்றுப் பலவீனம். காதலர்கள் இருவரும் சப்பென்று இருக்கிறார்கள். சீனாவும் ஆப்பிரிக்காவும் அந்தக் கால ஐரோப்பியனின் கனவில் வந்த மாதிரியே வருகின்றன. உயிருள்ள பாத்திரம், நல்லவர்களுக்குத் துணை நிற்கும் அவலட்சணமான சூனியக்காரிதான். அவளும் மந்திரவாதியும் மிருகத்துக்கு மிருகம் உருமாறிச் சண்டை போடும் காட்சி ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ரைனிகர் முகத்தை மறைத்தார் என்றால், ரஷ்யாவின் யூரி நோர்ஸ்டீன் உலகத்தையே மறைத்தார். 1975-ல் அவர் எடுத்த ‘பனிமூட்டத்தில் முள்ளெலி’ பத்தே நிமிஷப் படம். தினமும் சாயங்காலம் கரடிக்குட்டியோடு உட்கார்ந்து நட்சத்திரங்களை எண்ணுவது முள்ளெலியின் வழக்கம். அன்றைக்கு ராஸ்பெரி ஜாமை மூட்டை கட்டிக்கொண்டு போகும் வழியில், மூட்டத்தில் ஒரு வெள்ளைக் குதிரை நிற்பதைப் பார்க்கிறது. குதிரை மூச்சுத் திணறிவிடாதோ என்று கவலைப்பட்டு மூட்டத்துக்குள் இறங்குகிறது. அவ்வளவுதான் கதை. மிக மெல்லிய தாளைச் சித்திரத்தின்மேல் வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காமிராவை நோக்கி உயர்த்தித்தான் அந்த மூட்டத்தை உண்டாக்கினார்களாம். தந்திரம் எளிது. ஆனால் ஓர் இலை உதிர்வதும், ஒரு மரம் எதிரே வந்து நிற்பதும் பிரம்மாண்டமான சம்பவங்களாகிவிடுகின்றன. ஆற்றில் விழுந்த முள்ளெலியை யாரோ முதுகில் சுமந்து கரை சேர்க்கிறார்கள். அது யார் என்று படம் சொல்வதில்லை. கடைசியில் நண்பன் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்த பிறகும் முள்ளெலியின் நினைப்பு குதிரையிடமே இருக்கிறது. பயத்திலிருந்து மீண்டு வந்தவன் பழைய ஆளாக மீள்வதில்லை என்பதை இத்தனை சிக்கனமாகச் சொன்ன சிறுகதை எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

மூன்றாவது, ஹாலந்தில் பிறந்த மிக்கேல் டூடாக் த விட் 2000-ல் எடுத்த ‘தந்தையும் மகளும்’. எட்டு நிமிஷம், வசனமே கிடையாது. ஆஸ்கார் பரிசு பெற்ற படம்தான், ஆனாலும் நம் பக்கத்தில் பார்த்தவர்கள் குறைவு. அப்பாவும் சின்னப் பெண்ணும் சைக்கிளில் கரைமேட்டுக்கு வருகிறார்கள். அப்பா கீழே இறங்குகிறார், திரும்ப ஓடி வந்து மகளை ஒருமுறை அணைத்துக்கொள்கிறார், படகேறிப் போய்விடுகிறார். ஏன், எங்கே என்பதெல்லாம் இல்லை. மகள் ஆயுசு முழுவதும் அந்தக் கரைக்கு வந்துகொண்டே இருக்கிறாள். எதிர்காற்றில் மிதிக்கிறாள், தோழிகளோடு வருகிறாள், புருஷன் குழந்தைகளோடு வருகிறாள், கடைசியில் கிழவியாக வருகிறாள். முகங்கள் நமக்குச் சரியாகத் தெரிவதேயில்லை. தூரத்தில் சின்ன உருவங்களாகவே இருக்கிறார்கள். வயதை மிதிக்கும் வேகத்தில்தான் தெரிந்துகொள்கிறோம். தண்ணீர் வற்றிப் புல் முளைத்த இடத்தில் கிழவி நடந்து போய், அந்தப் பழைய படகைக் கண்டு, அதில் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். என் கையில் இருந்திருந்தால் அங்கேயே முடித்திருப்பேன். டைரக்டர் அவளை எழுப்பி, இளம்பெண்ணாக்கி, அப்பாவிடம் சேர்த்துவைக்கிறார். ஏழு நிமிஷம் நம்மை நம்பியவர் எட்டாவது நிமிஷத்தில் நம்பிக்கை இழந்துவிட்டாரோ என்று தோன்றுகிறது. அந்தக் கட்டத்தில்தான் கண் கலங்குகிறது என்று சொல்பவர்கள் பலர் உண்டு. அவர்களோடு சண்டை போட மாட்டேன்.

கடைசிக்கென்று வைத்திருந்தது செக்கோஸ்லோவாகியாவின் யிர்ஷி டிரன்கா 1965-ல் எடுத்த ‘கை’. பதினெட்டு நிமிஷப் பொம்மைப் படம். டிரன்காவின் பொம்மைகளுக்கு முகபாவம் மாறுவதே கிடையாது. தலை சாயும் கோணத்தையும் விழும் வெளிச்சத்தையும் வைத்தே சிரிப்பும் வேதனையும் காட்டிவிடுவார். இந்தப் படத்தில் ஒரு குயவன், ஒற்றை அறை, ஒரு செடி. செடிக்குச் சட்டி வனைவதே அவன் வேலையும் சந்தோஷமும். ஒருநாள் கையுறை போட்ட பெரிய கை ஒன்று, நிஜமான மனிதக் கை, அறைக்குள் நுழைகிறது. சட்டி வேண்டாம், என் உருவத்தைச் செய்து கொடு என்கிறது. குயவன் மாட்டேன் என்கிறான். கை டெலிபோனில் வருகிறது, டெலிவிஷனில் வருகிறது. பணம் காட்டுகிறது, மிரட்டுகிறது. முடிவில் அவனை நூலில் கட்டிக் கூண்டில் அடைத்துத் தன் சிலையைச் செதுக்க வைத்து, மெடலும் குத்துகிறது. அவன் மெழுகுவத்திச் சுடரில் நூலை எரித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறான், கதவை அடைத்துக்கொள்கிறான். உயரத்தில் வைத்திருந்த செடிச் சட்டியே தலையில் விழுந்து செத்துப்போகிறான். கை அவனுக்குச் சகல மரியாதைகளோடும் இறுதிச் சடங்கு செய்து சல்யூட் அடிக்கிறது.

அரசாங்கம் நடத்திய ஸ்டூடியோவில், அரசாங்கப் பணத்தில் எடுத்த படம் இது. டிரன்காவின் கடைசிப் படமும் இதுதான். அவர் 1969-ல் காலமானார். அதன் பிறகு படம் அந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. தடை செய்தவர்களுக்குப் படம் நன்றாகவே புரிந்திருக்கிறது.

இதை ஒரு தேசத்தின், ஒரு காலத்தின் கதை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எழுதுகிறவன் வீட்டுக் கதவை இந்தக் கை தட்டாமல் இருந்ததில்லை. எல்லா இடத்திலும் கூண்டோடு வர வேண்டும் என்பதில்லை. சால்வையோடும் சன்மானத்தோடும் வரலாம். ‘நீங்கள் எழுதுவது நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் நம்மைப் பற்றியும் எழுதிக் கொடுங்களேன்’ என்று குழைந்து கேட்கலாம். கைக்கு வேண்டியது தன் உருவம். சந்தேகத்துக்கு இடமில்லாமல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, பெரிதாக வேண்டும். மறைப்பது, மிச்சம் வைப்பது, பார்க்கிறவன் மனசை நம்பி விடுவது எல்லாம் அதற்குப் பிடிக்காது. மூட்டத்தில் ஒரு குதிரையை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருக்கிற கலைஞனிடம் அதற்குச் சந்தேகம் வருவது இயற்கையே.

நான்கு படங்களும் சேர்ந்து ஒரு மணி நாற்பது நிமிஷந்தான் ஆகும். நம் சினிமா ஒன்றில் இடைவேளை கழிந்து சற்று நேரம். முள்ளெலியை முதலில் பாருங்கள், ‘கை’யைக் கடைசியில் பாருங்கள். குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளலாம். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். அந்தக் குயவன் ஏன் மாட்டேன் என்றான் என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல ஒரு பெரியவர் அங்கே இருக்க வேண்டும்.