முடுகும் உருட்டும்: ‘ருத்ரா’வின் எட்டாம் இசைத்தொகுப்பு

கெலாங் பாத்தாவையும் சிங்கப்பூர்த் துவாசையும் இணைக்கும் இரண்டாம் பாலம் 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான், சிங்கப்பூரில் தென்னிந்திய வழிவந்த இளைஞர் சிலர் 1992இல் தொடங்கிய ‘ருத்ரா’ என்னும் இசைக்குழு தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. இரண்டிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அப்பாலத்தின் வழியே நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் நம் பக்கத்துப் பிள்ளைகளின் காதுகளில் எத்தகைய இசை ஒலிக்கிறது என்பதைத் தமிழாசிரியர்கள் கேட்டறிவது தகும். கேளாமலே ‘கூச்சல்’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது திறனாய்வு ஆகாது.

ருத்ரா வாசிப்பது ‘டெத் மெட்டல்’ என்னும் வகையைச் சார்ந்தது. அமெரிக்காவில் ‘பொசஸ்டு’ குழுவினர் 1985இலும், புளோரிடாவின் ‘டெத்’ குழுவினர் 1987இலும் வெளியிட்ட தொகுப்புகள் இவ்வகைக்கு அடிகோலின. தாழ்ந்த சுருதியில் முறுக்கேற்றிய கித்தார், இடைவிடாது அதிரும் முழவு, சொல்லை அடித்தொண்டையில் அரைத்துத் தரும் உறுமற்குரல் ஆகியன இதன் அடையாளங்கள். பாடுபொருளோ பிணம், சுடலை, அழிவு. இதைக் கேட்டு முகஞ்சுளிப்போர் நம் இலக்கியத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தல் வேண்டும். காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடலையைப் பாடவில்லையா? சயங்கொண்டார் பேய்களுக்குக் களத்திலே கூழ் அட்டு விருந்து வைக்கவில்லையா? அச்சமும் இளிவரலும் தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளில் இடம்பெற்றவை. அவற்றுக்குப் பாட்டில் இடமில்லை என்று எந்த இலக்கணியும் சொல்லவில்லை.

இவ்விசையின் நடையை விளக்க மேலைநாட்டார் பல கலைச்சொற்களைக் கையாள்வர். தமிழ் மாணவர்க்குச் செய்யுளியலே போதும். தொல்காப்பியர் கூறிய இருபது வண்ணங்களுள் வல்லிசை, உருட்டு, முடுகு என மூன்று உண்டு. வல்லெழுத்து மிக்கு வருவது வல்லிசை. அராகம் தொடுத்து உருண்டு செல்வது உருட்டு. அடியின் எல்லையைக் கடந்து நிற்காது ஓடுவது முடுகு. டெத் மெட்டல் பிறப்பிலேயே வல்லிசை. அதன் பழக்கம் முடுகு. உடலை அசைக்கவைக்கும் நிதான நடையை, உருட்டை, முதன்மையாக்கிய குழுக்களும் உண்டு. பிரேசில் நாட்டுச் ‘செபுல்டுரா’ அவற்றுள் தலையாயது. அக்குழு 1996இல் வெளியிட்ட ‘ரூட்ஸ்’ தொகுப்பில் தன் நாட்டுச் சவாந்தே பழங்குடியினரையும் சேர்த்துக்கொண்டு பாடியது. தன் மண்ணின் தாளத்தைத் தேடிச் சென்றபோது அதன் வேகம் தணிந்தது; ஆனால் எடை கூடியது.

ருத்ரா தேடிச் சென்றது தாளத்தை அன்று, தத்துவத்தை. பாடகரும் தாழ்தந்திக் கித்தார்க் கலைஞருமான கதிரும், முழவிசைக்கும் சிவாவும் தொடக்க முதல் குழுவின் தூண்கள். மற்றையோர் வந்தும் போயும் உள்ளனர். ‘வேத மெட்டல்’ என்பது அவர்கள் தம் இசைக்கு இட்டுக்கொண்ட பெயர். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த ‘பிரம்மவித்யா’ என்னும் முத்தொகுப்பே அவர்களுக்கு நிலையான பெயரைத் தந்தது. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தைச் சார்ந்த யூஜின் தைரியநாதன் 2009இல் ஆய்விதழ் ஒன்றில், இக்குழுவைச் சிங்கப்பூர்த் தென்னிந்தியரின் அடையாளச் சிக்கலோடு இணைத்து ஆராய்ந்தார். ஆசிரியர்களை உருவாக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து அவ்வாய்வு வந்தது என்பது நம்மவர் கவனத்துக்குரியது.

முத்தொகுப்பின் குறை அதன் அகலம். நடுத்தொகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆதிசங்கரருக்கு ஒரு வணக்கம், அட்டாவக்கிரருக்கு ஒரு பாட்டு, அவதூதருக்கு ஒன்று, கண்ணன் ஓட்டிய தேருக்கு ஒன்று என விரிந்துகொண்டே செல்கிறது. நூலகத்தில் புதிதாய் நுழைந்த மாணவன் எல்லா நூலையும் ஒருங்கே அள்ளிக்கொண்டு வருவதைப் போன்ற நிலை அது. ஆர்வம் மெச்சத்தக்கது, செறிவு குறைவு.

2016இல் வெளிவந்த எட்டாம் தொகுப்பான ‘எனிமி ஆஃப் டூவாலிட்டி’, அதாவது ‘இருமையின் பகைவன்’, இங்கே ஓரடி முன்னேறுகிறது. ஓரடிதான்; அதற்கு மேல் சொல்வது முகமன் ஆகும். குரல் பழைய குரலே. கித்தாரின் முறுக்கும் பழையதே. முதற்கேள்வியில் முந்தைய தொகுப்புகளிலிருந்து இதனைப் பிரித்தறியப் பலருக்கு இயலாது. வளர்ச்சி வேறிடத்தில் உள்ளது. பல நூல்களை அள்ளிய கை இப்போது ஒரு சிறு நூலைச் சுற்றியே இயங்குகிறது. ‘ஏன்ஷியன்ட் ஃபோர்த்’ என்னும் தலைப்பு துரியமாகிய நான்காம் நிலையைச் சுட்டுகிறது. ‘நைன்டீன் சேம்பர்ஸ்’ என்பது, நனவிலும் கனவிலும் உயிர் உலகை நுகரும் வாயில்கள் பத்தொன்பது என்னும் கருத்தை நினைவூட்டுகிறது. இரண்டும் மாண்டூக்கிய உபநிடதத்தின் பொருள்கள். பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட அந்நூல் முதன்மை உபநிடதங்களுள் மிகச் சிறியது. சிறிய நூலை எடுத்துக்கொண்டு அதைவிட்டு அகலாது நிற்பதற்கு, பெரிய நூல்களை மேலோட்டமாகத் தொடுவதைக் காட்டிலும் துணிவு வேண்டும்.

இச்செறிவு இசையிலும் பயன் தந்துள்ளது. முடுகு குறையவில்லை, ஆனால் முடுகின் நடுவே உருட்டு வரவேண்டிய இடம் எது என்று குழு அறிந்து வைக்கிறது. ஒரு கருத்து முடியும் இடத்தில் முழவு நிதானித்து நிற்க, அடுத்த கருத்து எழுகிறது. முன்பெல்லாம் வடமொழி ஓதலும் உறுமலும் ஒரே வீட்டில் பேச்சில்லாத இரு குடித்தனங்களாய் இருந்தன. இப்போது ஒன்றன் மீது ஒன்று சாய்கிறது.

‘அமைதியைக் கூறும் அத்துவிதத்தை வெகுளிக் குரலில் பாடலாமா?’ என்பது இக்குழுவைப் பற்றி எழும் பழைய கேள்வி. இத்தொகுப்பில் அதற்குப் பாதி விடை கிடைக்கிறது. ‘ஸ்லே தி ஐடியலாக்ஸ்’, ‘அபேட்டிங் தி தீயிஸ்ட்’ எனும் தலைப்புகளைக் காண்க. இவை வழிபாட்டுப் பாட்டுகள் அல்ல, வாதப் பாட்டுகள். நன்னூலார் கூறும் எழுவகை மதத்துள் பிறர் மதம் மேற்கொண்டு களைதலும் ஒன்றாகும். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் உரைக்கின்றனர். நீலகேசி அவைதோறும் சென்று வாதிடுகிறாள். வாதக்களத்தில் உரத்த குரல் குற்றமன்று. அங்கே கதிரின் உறுமல் பொருந்துகிறது, சில இடங்களில் சிறக்கவும் செய்கிறது. உருத்திரன் என்னும் பெயருக்கே முழங்குவோன் என்று வடமொழியாளர் பொருள் கூறுவதுண்டு.

விடை கிடைக்காத மறுபாதி துரியத்தைப் பாடும் இடத்தில் உள்ளது. மாண்டூக்கியம் நான்காம் நிலையை ஒலியற்றது என்கிறது. ஒலியற்றதை இத்தனை ஒலியோடு பாடும்போது பாட்டு பொருளை விட்டு விலகிப்போகிறது. ஒரு கணம் கருவிகள் எல்லாம் ஓய்ந்திருந்தால் அதுவே பொருளுரை ஆகியிருக்கும். அந்த ஓய்வை நீட்டிக்கும் துணிவு இத்தொகுப்பில் இல்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் முழங்கிய குழுவுக்கு நிறுத்தல் எளிதன்று போலும்.

இன்னொன்றும் கூறவேண்டியுள்ளது. கதிரசன் என்னும் தமிழ்ப்பெயர் தாங்கிய ஒருவர் முன்னின்று நடத்தும் இக்குழுவின் பாட்டுமொழிகள் முதன்மையாக ஆங்கிலமும் வடமொழியுமே. கலைஞன் எம்மொழியில் பாடவேண்டும் என்று ஆணையிடும் உரிமை எவர்க்கும் இல்லை. உலகெங்கும் உள்ள கேட்போரை நோக்கி ஆங்கிலம் வருவதும் இயல்பே. ஆயினும் இழப்பு யாருடையது என்று எண்ணிப் பார்க்கலாம். உறுமற்குரலில் உயிரெழுத்து மங்கிவிடும், மெய்யெழுத்தே எஞ்சி நிற்கும். அந்நிலையில் ககர சகர டகர றகரங்கள் இரட்டித்து வரும் தமிழ்ச்சொல்லுக்கு இக்குரல் ஏற்ற களம். அம்மையாரின் மூத்த திருப்பதிகத்தையும், பரணியின் பேய்களைப் பாடியதையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தவர் இதனை ஐயுறார். தாளத்துக்கும் குறைவில்லை. தைப்பூசத்தில் நம் பிள்ளைகள் முழக்கும் உறுமி மேளத்தின் உருட்டை எந்த டெத் மெட்டல் குழுவும் விரும்பும். (சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்துக்கு 1973 முதல் இருந்த இசைத்தடை, சில இடங்களில் மட்டும் தளர்த்தப்பட்டதும் இத்தொகுப்பு வந்த அதே 2016இல்தான்.)

அதன் பின்னரும் குழு ஓயவில்லை. எட்டாம் தொகுப்பை அளந்து கூறுவதாயின், அறுபத்திரண்டு மதிப்பெண் பெற்றுவந்த மாணவன் அறுபத்தாறு பெற்றதற்கு அதனை ஒப்பிடலாம். வகுப்பில் எவரும் கைதட்டுவதில்லை. விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர் மட்டும் எந்த நான்கு மதிப்பெண் கூடியது என்று அறிவார்: சென்ற முறை கேட்டதையெல்லாம் எழுதிய மாணவன், இம்முறை கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுதியிருக்கிறான்.