யாருக்குப் பதில் சொல்கிறது சுத்திகரிப்பு நிலையம்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. நிறுவப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்களின் கொள்ளளவு 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டதோ 2,023 கோடி லிட்டர்தான். நிலையங்கள் போதவில்லை என்பது எல்லோரும் அறிந்தது. கட்டிய கொள்ளளவிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படாமல் கிடக்கிறது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அரசு-தனியார் கூட்டாண்மை என்ற ஏற்பாடு இத்தகைய இடைவெளியிலிருந்துதான் பிறந்தது.

முன்பெல்லாம் ஒப்பந்ததாரர் கட்டி முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நடத்துவது உள்ளாட்சியின் தலையில் விழும். 1986-இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டத்தில் எழுந்த பல நிலையங்கள், மின்வெட்டாலும் பராமரிப்புக்குப் பணமில்லாததாலும் முடங்கின. கட்டுகிறவரே பல ஆண்டுகள் நடத்தவும் வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. மட்டமான பம்பைப் பொருத்தினால் நாளைக்கு அதைப் பழுதுபார்ப்பதும் அவர் செலவே. இந்த முறையின் பெரிய பலம் இதுதான். இதை மறுப்பவர்கள் பழைய நிலையங்கள் துருப்பிடித்த கதையை மறந்துவிடுகிறார்கள்.

இதைத் துணிந்து முயன்ற முதல் ஊர்களில் ஒன்று, சென்னையை ஒட்டி அப்போது தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூர். பாதாள சாக்கடைக் குழாய்களை நகராட்சி தன் பொறுப்பில் பதித்தது. நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையத்தைத் தனியார் தங்கள் முதலீட்டில் கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைப்பது என்று ஏற்பாடு. ஆனால் ஆலந்தூரின் உண்மையான சாதனை ஒப்பந்தத் தாளில் இல்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டு நகராட்சி தெருத்தெருவாகப் பிரசாரம் செய்தது, மக்கள் கொடுத்தார்கள். சொந்தக் காசைக் கொடுத்தவர், இணைப்பு எப்போது வரும், ஏன் தாமதம் என்று கவுன்சிலரின் வாசலில் நின்று கேட்பார். எந்தத் தணிக்கையாளரையும்விட அந்தக் கேள்விக்கு வலு அதிகம் என்று நான் நம்புகிறேன்.

கங்கைத் தூய்மைத் திட்டத்தில் இப்போது நடப்பது வேறு. 2017 அக்டோபரில் வாரணாசிக்கும் ஹரித்வாருக்கும் கையெழுத்தான ஒப்பந்தங்களில், கட்டுமானச் செலவில் 40 விழுக்காடு கட்டும்போதே வழங்கப்படும். மீதி 60 விழுக்காடு 15 ஆண்டுகளுக்குத் தவணையாக, நிலையத்தின் செயல்பாட்டைப் பொறுத்து வரும். ஆலந்தூரைவிட இது நிதி வகையில் உறுதியானது. கையில் காசில்லாத நகராட்சியை நம்பி முதலீடு செய்யத் தயங்கிய நிறுவனங்களும் இதனால் முன்வந்தன. ஆனால் பணம் டெல்லியிலிருந்து வருகிறது. நிலையத்தை நடத்துபவர் பதில் சொல்வதும் டெல்லிக்கே. சாக்கடை ஓரத்தில் குடியிருக்கும் வாரணாசிவாசிக்கு இந்த ஒப்பந்தத்தில் இடமே இல்லை.

இன்னொரு குறை, எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. நிலையத்தின் வாசலுக்கு வந்த கழிவுநீருக்கே நிறுவனம் பொறுப்பு. வந்து சேராததற்கு அது பொறுப்பல்ல. வீட்டு இணைப்புகள் குறைவாக இருந்தாலும், குழாய் உடைந்து மழைநீர் வடிகாலில் கலந்தாலும், நிலையத்தின் பதிவேடு அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஆறு மட்டும் நாறும். குறைந்தபட்ச வரத்துக்கு உத்தரவாதம் தந்திருந்தால், வராத கழிவுநீருக்கும் நகராட்சி பணம் கட்டும். குழாய் வலையமைப்பையும் நிலையத்தையும் பிரித்துக் கொடுப்பது நிர்வாகத்துக்கு வசதி, ஆற்றுக்குக் கேடு.

நீண்ட ஒப்பந்தங்கள் இறுகியும் போகின்றன. 2017-இல் மத்திய அரசு, வெளியேறும் நீரில் கரிம அழுக்கைக் காட்டும் அளவான உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று பெருநகரங்களுக்கும், 30 வரை என்று மற்ற ஊர்களுக்கும் வரம்பு வகுத்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆக்கச் சொன்னது. தளர்ந்த வரம்பை நம்பி வடிவமைத்த நிலையத்தை மாற்றும் செலவு யாருடையது என்பது முன்கூட்டியே எழுதப்படாவிட்டால், தகராறு தீரும்வரை அழுக்குநீர் ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது தொழிலாளர் நிலை. 2023 ஜூலையில் உத்தராகண்டின் சமோலியில், அலக்நந்தா கரையிலிருந்த சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரம் பாய்ந்து 16 பேர் இறந்தார்கள். தனியாரிடம் ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டிருந்த நிலையம் அது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அரசு ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்க, அது துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க, அவர் நாள்கூலிக்கு ஆள் பிடிக்க, பொறுப்பு ஒவ்வொரு படியிலும் கரைகிறது. நீரின் தரம் தவறினால் தவணையைப் பிடித்தம் செய்யத் தெரிந்த அரசு, பாதுகாப்புக் கருவியில்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்கினாலும் அதே பிடித்தத்தைச் செய்ய வேண்டும்.

ஆகவே தனியார் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை; எந்த நிபந்தனைகளோடு என்பதே கேள்வி. நடத்துகிறவரே மாதிரி எடுத்துத் தானே சான்று தரும் நிலை இருக்கக் கூடாது. ஆய்வு முடிவுகள் வார்டு வாரியாக மக்கள் பார்வைக்கு வர வேண்டும். உள்ளாட்சி தன் பொறியாளர்களை இழந்துவிடக் கூடாது. 2017-இல் கையெழுத்தான ஒப்பந்தங்களின் 15 ஆண்டு நடத்தும் காலம் 2030-களில் முடியும். அன்று நிலையத்தை வாங்கிக்கொள்ளும் நகராட்சியிடம் அதை ஓட்டத் தெரிந்த ஆட்களும் மின்கட்டணத்துக்கான நிதியும் இருக்க வேண்டும். ஏழைகளுக்குச் சலுகையுடன் கழிவுநீர்க் கட்டணம் வசூலிப்பதும் ஆட்களைப் பழக்குவதும் இப்போதே தொடங்க வேண்டிய வேலைகள்.