மன்னித்தவருக்கு என்ன ஆயிற்று?

அமைதிக்காக உழைப்போரிடம் கேட்க நாம் கூசும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் பணியால் அமைதி வந்ததா? வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பதே அது. பள்ளி நடத்துபவரிடம் எத்தனை பிள்ளைகள் தேறினர் என்று கேட்கிறோம். மருத்துவமனை நடத்துபவரிடம் எத்தனை பேர் நலம் பெற்றனர் என்று கேட்கிறோம். அமைதிப் பணியாளரிடம் மட்டும் அவருடைய நல்ல நோக்கமே போதும் என்று விட்டுவிடுகிறோம். கூட்டம் நடந்தது, இத்தனை பேர் வந்தனர், கை குலுக்கினர், நிழற்படம் எடுத்துக்கொண்டனர் என்னும் அறிக்கையோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

இந்தக் கூச்சத்தை விட்டொழித்த நூல்களுள் ஒன்று, மேரி ஆண்டர்சனும் லாரா ஓல்சனும் எழுதி 2003-இல் வெளியான 'கன்ஃப்ரன்டிங் வார்'. போரை நேருக்கு நேர் எதிர்கொள்வது எப்படி என்பதே அதன் பொருள். உலகின் பல நாடுகளில் இத்தனை பேர் இத்தனை நல்ல பணிகள் செய்தும், அவை எல்லாம் கூடி அமைதியாகத் திரளாமல் போவது ஏன் என்று அந்நூல் கேட்கிறது. தனி மனிதரின் உள்ளத்தில் நிகழும் மாற்றம் அங்கேயே தங்கிவிட்டால், நாட்டின் அமைதியில் அதன் தடம் காணப்படுவதில்லை என்பது அந்நூல் கண்ட முடிவுகளுள் முதன்மையானது. மக்கள் தாமாகவே அமைதி முயற்சிகளைத் தொடங்குகின்றனரா, வன்முறைக்குத் தூண்டுவோரை எதிர்த்து நிற்கின்றனரா, அவர்களது பாதுகாப்பு கூடியுள்ளதா, குறைகளைத் தீர்க்கும் பொது அமைப்புகள் உருவாயினவா என்னும் அளவுகோல்களை அது முன்வைக்கிறது.

இவை நல்ல அளவுகோல்களே. ஆயினும் அவற்றுள் ஒரு கேள்வி போதிய அழுத்தம் பெறவில்லை. வந்த அமைதிக்கு விலை கொடுத்தவர் யார் என்பதே அக்கேள்வி. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் நடந்த ஒப்புரவுப் பணி ஒன்று அதை நம்முன் வைக்கிறது. அப்பணியைப் பற்றி ஒரு திரைப்படமும் ஓர் ஆய்வும் வெளிவந்துள்ளன. அவ்விரண்டையும் ஒருசேர எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீயின் ஒளியில்

சியரா லியோனின் உள்நாட்டுப் போர் 1991 மார்ச்சில் தொடங்கி 2002 ஜனவரியில் முடிவுற்றது. மாண்டவர் 50,000-க்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான மதிப்பீடு. கை, கால் துண்டிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். சிறுவர்கள் கடத்தப்பட்டுப் படையாட்களாக்கப்பட்டனர். தம் ஊராரையே தாக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். திருச்சபையும் இத்துயரில் பங்குகொண்டது. 1999 ஜனவரியில் கிளர்ச்சிப் படையினர் தலைநகர் ஃபிரீடவுனுக்குள் புகுந்தபோது பேராயர் ஜோசப் கண்டா கடத்தப்பட்டார். அன்னை தெரசாவின் சபைச் சகோதரிகள் சிலர் கொல்லப்பட்டனர்.

போருக்குப்பின் அமைக்கப்பட்ட தனி நீதிமன்றம் போர்க் குற்றங்களுக்காகத் தண்டித்தவர்கள் 9 பேர் மட்டுமே. ஏனையோர் ஊர் திரும்பினர். கொன்றவனும் கொல்லப்பட்டவனின் மகனும் ஒரே ஊரில் குடியிருக்க வேண்டிய நிலை உருவாயிற்று. உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 2002 முதல் 2004 வரை பணியாற்றியது. எனினும் அதன் அமர்வுகள் பெரும்பாலான சிற்றூர்களை எட்டவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, மனித உரிமைப் பணியாளர் ஜான் கால்கரின் தலைமையில் எழுந்தது 'ஃபம்புல் டோக்'. கிரியோ மொழியில் இதற்குக் 'குடும்பப் பேச்சு' என்று பொருள். இரவில் ஊர் நடுவே தீ மூட்டி மக்கள் சூழ்ந்து அமர்வர். துன்புற்றவர் எழுந்து தமக்கு நேர்ந்ததைச் சொல்வார். துன்புறுத்தியவர் முன்வந்து ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். மறுநாள் முன்னோர் மரபுப்படி தூய்மைச் சடங்கு நடக்கும். ஊர் கூடி உண்ணும்.

சாரா டெர்ரி இயக்கி 2011-இல் வெளிவந்த ஆவணப்படம் இப்பணியின் பெயரையே தாங்கியது. அதில் வரும் இரு நண்பர்களை எளிதில் மறக்க இயலாது. இளமையில் இணைபிரியாதிருந்தவர்கள் அவர்கள். கிளர்ச்சிப் படையினர் ஒருவரைக் கட்டாயப்படுத்தி, நண்பரை அடித்து ஊனப்படுத்தச் செய்தனர். நண்பரின் தந்தையையும் அவர் கையாலேயே கொல்லச் செய்தனர். போர் ஓய்ந்து பல ஆண்டுகளாகியும் ஒரே ஊரில் பேச்சின்றி வாழ்ந்த இருவரும் தீயின் அருகே ஒருவரையொருவர் நோக்கி நிற்கின்றனர். அங்கே மன்னிப்பு ஒரு மனிதனின் முகத்தில் உருப்பெறுவதைக் காண்கிறோம். மறையுரைகள் பலவற்றால் இயலாததை இப்படம் சாதிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கச் சிற்றூரின் மரபில் அயலவர் கற்றுக்கொள்ள வேண்டிய ஞானம் உண்டு என்பதையும் அது பணிவோடு காட்டுகிறது.

ஆயினும் படக்கருவி எவ்வளவு பொறுமையுடையதாயினும், தன்முன் நிற்க இசைந்தவரையே காட்ட முடியும். அன்றிரவு வீட்டைவிட்டு வெளிவராதவரை அது காட்டாது. எழுந்து பேசிவிட்டு வீடு சென்றவரின் பின்வந்த இரவுகளையும் அது எண்ணுவதில்லை.

எண்கள் தரும் சான்று

அந்த இரவுகளை எண்ண முயன்றது மற்றொரு சான்று. ஜேகோபஸ் சில்லியர்ஸ், ஓயிந்த்ரிலா தூபே, பிலால் சித்திகி ஆகிய மூவரும் செய்த ஆய்வு 2016-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியாயிற்று. 200 ஊர்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் 100 ஊர்களில் ஒப்புரவு நிகழ்ச்சி நடத்தப்பட்டது. எந்த ஊரில் நடத்துவது என்பது சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் முடிவாயிற்று. பின்னர் இருவகை ஊர்களிலும் மொத்தம் 2,383 பேரைக் கண்டு பேசினர். அமைதி விரும்பும் ஊர்களே இந்நிகழ்ச்சியை ஏற்றன, ஆதலின் அங்கே நற்பயன் விளைந்தது என்று எவரும் தட்டிக்கழிக்க இடமில்லாதபடி ஆய்வு அமைந்திருந்தது.

முடிவு இருமுகம் கொண்டது. நிகழ்ச்சி நடந்த ஊர்களில் தீங்கிழைத்தோரை மன்னிக்கும் மனம் கூடியிருந்தது. நட்பும் உறவும் விரிந்திருந்தன. பொதுப் பணிகளுக்கு மக்கள் மிகுதியாகக் கொடுத்தனர். அதே ஊர்களில் மனச்சோர்வும் பதற்றமும், கொடுந்துயர் கண்டவரை விடாது வாட்டும் மனவடு நோயும் கூடியிருந்தன. சில ஊர்களில் 9 மாதங்கள் கழித்தும், மீண்டும் 31 மாதங்கள் கழித்தும் பார்த்தனர். நன்மையும் நீடித்தது, தீமையும் நீடித்தது.

இவ்வாய்வாளர்கள் மன்னிப்பை மட்டும் அளந்திருந்தால், 'முழு வெற்றி' என்று எழுதியிருப்பர். வலியை மட்டும் அளந்திருந்தால், 'தீங்கான பணி' என்று எழுதியிருப்பர். இரண்டையும் அளந்ததால்தான் உண்மை வெளிப்பட்டது: சமூகம் நலம் பெற்றது, அதற்குரிய விலையை மனிதர் தம் உள்ளத்தில் சுமந்தனர்.

இரு சான்றுகளையும் எடைபோட்டால்

ஆய்வுக்கும் குறைகள் உண்டு. ஊரின் சராசரி, இந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று சொல்லாது. வினாத்தாளின் கட்டங்களுக்குள் அடங்காத துயரமும் உண்டு. மேலும், வலி கூடியது என்பதனாலேயே தீங்கு விளைந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. மரத்துப்போன கை உணர்வு பெறும்போது வலிப்பது இயல்பே. உண்மையைக் கேட்ட ஊர் சில நாள் அழுவதும் நலத்தின் அறிகுறியாகலாம்.

ஆனால் 31 மாதங்கள் சில நாள்கள் அல்ல. இங்கேதான் ஆன்மிகம் பேசுவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். "துன்பம் சிலுவையின் பங்கு; ஏற்றுக்கொள்" என்று சொல்லிவிடுவது நமக்கு மிக எளிது. தாமாக ஏந்தும் சிலுவை வேறு. பிறர் நலத்துக்காக ஏழையின் தோளில் நாம் ஏற்றிவைக்கும் சுமை வேறு. இரண்டையும் ஒன்றெனக் காட்டுவது இறையியலாகாது.

சியரா லியோனில் ஆய்வு செய்த மானிடவியலார் ரோசலிண்ட் ஷா 2005-இல் வெளியிட்ட அறிக்கையும் இங்கு நினைக்கத்தக்கது. ஊர் நடுவே உண்மையை உரைப்பது எல்லார்க்கும் உகந்த மருந்தன்று என்றார் அவர். போரின் கொடுமைகளைப் பொதுவிடத்தில் பேசாதிருத்தல், திரும்பி வந்த இளைஞர் பெரியோரிடம் பணிந்து ஆசி பெறுதல், இறைவேண்டல் ஆகியவற்றால் 'குளிர்ந்த இதயம்' பெறுவதே பலருடைய வழக்கம் என்று அவர் காட்டினார். 'உள்ளம் குளிர்ந்தது' என்று சொல்லும் தமிழர்க்கு இது விளங்காததன்று. பேசிக் குளிர்பவரும் உண்டு; பேசாதிருந்து குளிர்பவரும் உண்டு. எல்லாரையும் ஒரே தீயின்முன் நிறுத்தும் திட்டம், இந்த வேற்றுமையைக் காணத் தவறக்கூடும்.

விவிலியம் காட்டும் அளவுகோல்

விவிலியத்தில் ஒப்புரவை அளந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் யோசேப்பு. தம்மை விற்ற சகோதரர் எகிப்துக்கு வந்தபோது அவர் உடனே கட்டித் தழுவவில்லை. பென்யமின் அடிமையாகும் நிலையை உருவாக்கி, அவர்களை மீண்டும் அதே சோதனையில் நிறுத்தினார். அன்று தம்பியை விற்க யோசனை சொன்ன யூதா, இன்று தம்பிக்கு மாற்றாகத் தாமே அடிமையாக முன்வந்தார். மனமாற்றத்துக்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அதன்பின் யோசேப்பு செய்ததையும் நோக்குவோம். அங்கிருந்த எகிப்தியர் அனைவரையும் வெளியே அனுப்பிவிட்டே தம்மை வெளிப்படுத்தி அழுதார். வஞ்சிக்கப்பட்டவரே நேரத்தையும் இடத்தையும் தேர்ந்துகொண்டார்.

உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களைக் காட்டினார். எருசலேமின் சந்தைவெளியில் காட்டவில்லை. பிலாத்துவின் முற்றத்தில் காட்டவில்லை. மூடிய கதவுகளுக்குள், நண்பர்களிடையே, தாமே விரும்பிக் காட்டினார். உயிர்ப்புக்குப் பின்னும் காயங்கள் மறையவில்லை என்பது, மன்னித்தவரிடம் வடு இருக்கலாகாது என்று எதிர்பார்ப்போருக்குத் தக்க மறுமொழி.

நம் ஒப்புரவு அருட்சாதனமும் இதையே உணர்த்துகிறது. அங்கே வாய் திறக்க வேண்டியவர் தவறு செய்தவர். மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்னும் கடமைகள் அவர்மேலேயே சுமத்தப்படுகின்றன. திருடியவர் இயன்றவரை பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்று திருச்சபை கற்பிக்கிறது. பாதிக்கப்பட்டவரைப் பலர்முன் நிறுத்திப் பேசச் சொல்வதில்லை. நீதியின்றி அமைதியில்லை, மன்னிப்பின்றி நீதியில்லை என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002-ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்திக்குக் கருப்பொருளாகக் கொண்டார். மறையுரைகளில் இரண்டாம் பாதியை வலியுறுத்தி முதற் பாதியை மென்மையாகச் சொல்லிச் செல்வோமாயின், நீதியின் சுமையும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழும்.

எதை அளக்க வேண்டும்?

ஒப்புரவுப் பணியைக் கைவிட வேண்டும் என்பது இவற்றால் பெறப்படும் முடிவன்று. சமூகத்துக்கு விளையும் நன்மையைக் காத்துக்கொண்டே, உள்ளத்துக்கு நேரும் கேட்டைக் குறைக்கும் வகையில் அதைத் திருத்தியமைக்க வேண்டும் என்றே ஆய்வாளர்களும் கூறுகின்றனர். அதற்கு மூன்று வழிகள் தென்படுகின்றன.

முதலாவது, பேசாதிருக்கும் உரிமை. "நான் இன்னும் ஆயத்தமாகவில்லை" என்று சொல்பவரை ஊரின் அமைதிக்குத் தடையாகக் கருதலாகாது. எத்தனை பேர் மன்னித்தனர் என்று எண்ணும் திட்டம், மறுக்கும் உரிமை எத்தனை பேருக்கு உண்மையிலேயே இருந்தது என்றும் எண்ணட்டும்.

இரண்டாவது, பின்தொடரும் துணை. புண்ணைத் திறந்தவர் கட்டுப்போடும்வரை உடனிருத்தல் வேண்டும். நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் மதுவும் வார்த்ததோடு அமையவில்லை. சத்திரத்தில் சேர்த்து, திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றார். தீ மூட்டும் இரவு தொடக்கமே என்று ஃபம்புல் டோக் அமைப்பினர் சொல்கின்றனர். பொது வயல்களையும் பெண்களின் அமைதிக் குழுக்களையும் அவர்கள் வளர்த்துள்ளனர். இது பாராட்டுக்குரியது. அவ்வயல்களும் குழுக்களும் அந்த மனவலியைத் தணிக்கின்றனவா என்பதையும் அளந்து காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, கைம்மாறு. சியரா லியோனில் பாதிக்கப்பட்டோர் பல்லாயிரம் பேருக்குத் தொடக்கத்தில் கிடைத்த இடைக்கால உதவி ஆளுக்கு ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர். கைகளை இழந்தவருக்கு அது எத்தனை நாள் சோறு போடும்? மன்னிப்புக் கேட்டவர் மறு பருவத்தில் மன்னித்தவரின் வயலுக்கு உழவு செய்ய வந்தாரா என்பதும் அமைதியின் அளவுகோல்தான்.

நம் பங்குகளிலும் ஊர்ப்பகையும் சாதிப் பூசலும் சொத்துத் தகராறும் எழுகின்றன. பெரியோர் கூடிச் சமரசம் பேசுகின்றனர். தாளில் கையெழுத்து வாங்குகின்றனர். சில வேளைகளில் பீடத்தின்முன் கை கோக்கவும் வைக்கின்றனர். போரால் சிதைந்த ஒரு நாட்டின் துயரத்தோடு இவற்றை ஒப்பிட இயலாது. எனினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. அன்று கையெழுத்திட்டவர்களுள் எளியவர் யார்? ஓராண்டு சென்றபின் அவர் வீட்டுக்கு எவரேனும் போனோமா? அவர் நிம்மதியாக உறங்குகிறாரா, அதே தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிறாரா என்று கேட்டோமா? நம் பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் அடுத்த கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்பட்டும். விடையைக் கேட்க அவ்வீட்டுக்கே செல்லட்டும்.