உறிஞ்சித் துப்பும் கலை

இலங்கை மலையகத்து டிக்கோயாத் தேயிலைத் தொழிற்சாலையில் ருசிபார்க்கும் மேசை தனி அழகு. வரிசையாக வெள்ளைப் பீங்கான் குவளைகள். ஒவ்வொன்றிலும் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவான தூள், கொதிநீர், ஐந்தாறு நிமிடம். பாலோ சீனியோ பெரும்பாலும் கிடையாது. சாயத்தை வடித்து, வெந்த இலையை மூடியில் கவிழ்ப்பார்கள். புதுச் செப்புக்காசு நிறமென்றால் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் முகம் மலரும். பச்சை தட்டினால் தூள் சரியாகப் புளிக்கவில்லை. அப்புறம் கரண்டியால் அள்ளி, ‘சர்’ரென்று உறிஞ்சுவார்கள். பந்தியில் செய்தால் அநாகரிகம். இங்கே அதுதான் வித்தை. காற்றோடு கலந்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும். உடனே துப்பிவிட வேண்டும். பிரெஞ்சு வைனுக்கு ஆண்டு பார்ப்பார்கள்; இந்தத் தேயிலைக்கு மாதம். ஜனவரி முதல் மார்ச் வரை, வறண்ட குளிர்காற்று வீசும்போது பறித்த கொழுந்துக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மவுசு. பறித்தவர்களுக்கு லயத்து வரிசை வீடுகளில் வாய்ப்பதென்னவோ சாதாரணத் தூளில் ஊற்றிய சாயத்தண்ணிதான்.